அத்தியாயம் 4: பழைய விசைப்பலகை, புதிய கணினி

இந்த அத்தியாயத்தில் உள்ளபடி செய்தால், 1980களில் வந்த ஓர் ஐபிஎம் விசைப்பலகையை இன்றைய மடிக்கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகித் தட்டச்சு செய்யலாம். அதற்கு ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு சாக்கெட், நான்கு வயர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் போதும். விசைப்பலகையைத் திறக்க வேண்டியதில்லை. அதன் கேபிளை வெட்டவே கூடாது. செய்யும் வேலை எதுவானாலும், வேண்டும்போது கழற்றிவிட்டுப் பலகையை அதன் பழைய கணினியிலேயே மறுபடி மாட்டும்படி இருக்க வேண்டும். இந்த நூல் முழுக்க நான் விட்டுக்கொடுக்காத விதி இது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் ஐபிஎம் மாடல் எம் பலகையில் ஒரு பத்தி தட்டச்சு செய்து பார்க்கட்டும். ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு சுருள்வில் இருக்கிறது. விசையை அழுத்த அழுத்த அது சுருங்கி, ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் சட்டென்று மடங்குகிறது. எழுத்து பதிவாவதும் அந்த நொடியில்தான். விரலுக்கும் காதுக்கும் ஒருசேரத் தெரிந்துவிடும். விசையின் மேல் எழுத்துகள் பிபிடி பிளாஸ்டிக்குக்குள் சாயமாக இறங்கியிருப்பதால், பல ஆண்டுகள் தேய்த்த பிறகும் அழியாமல் நிற்கின்றன. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, உள்ளே இரும்புத் தகடு. நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்களை மனதில் வைத்துச் செய்த பொருள் இது. செருகி பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இதைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்புவது வீண்.

செருகி ஒன்று, மொழி வேறு

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: செருகியின் வடிவத்தை வைத்து விசைப்பலகையை எடைபோடக் கூடாது.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் பலகைக்கு 83 விசைகள், ஐந்து பின் கொண்ட உருண்டையான டின் செருகி. பின்னால் வந்த எக்ஸ்டி கணினியின் பெயரால் இதை எக்ஸ்டி பலகை என்கிறோம். 1984இல் ஏடி கணினி வந்தது. அதற்கும் அதே ஐந்து பின் டின் செருகிதான், ஆனால் சமிக்ஞை முறை முழுக்க மாறிவிட்டது. எக்ஸ்டி பலகையை ஏடியில் செருகினால் கச்சிதமாக உள்ளே போகும், வேலை செய்யாது. 1987இல் பிஎஸ்/2 கணினிகளோடு ஆறு பின் கொண்ட சிறிய மினி-டின் செருகி வந்தது. இங்கே செருகி மாறியது, சமிக்ஞை முறை ஏடியுடையதாகவே தொடர்ந்தது. ஒரே செருகி உள்ள இரண்டு பலகைகள் வெவ்வேறு மொழி பேசலாம், வெவ்வேறு செருகி உள்ள இரண்டு பலகைகள் ஒரே மொழி பேசலாம்.

அந்த மொழி எப்படி இருக்கும் என்பதை ஒரே ஒரு விசையை வைத்துப் பார்ப்போம். ஆங்கில 'ஏ' விசையை அழுத்துகிறீர்கள். எக்ஸ்டி பலகை 30 என்ற எண்ணை அனுப்பும். விரலை எடுத்ததும் அதோடு 128ஐக் கூட்டி 158 என்று அனுப்பும். அதே விசைக்கு ஏடி, பிஎஸ்/2 பலகைகள் 28 என்று அனுப்பும். விரலை எடுத்தால் 240, 28 என்று இரண்டு எண்கள் வரும். இவற்றை ஸ்கேன் கோடு என்பார்கள். யுஎஸ்பியின் வழக்கம் முற்றிலும் வேறு. அங்கே பலகை தானாக எதையும் சொல்வதில்லை. கணினி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், 'இந்தக் கணத்தில் எந்தெந்த விசை அழுந்தியிருக்கிறது' என்பதைப் பலகை எட்டு பைட் கொண்ட அறிக்கையாகத் தரும். அந்த அறிக்கையில் 'ஏ' விசையின் எண் 4.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எக்ஸ்டி பலகை அனுப்ப மட்டுமே செய்யும், கணினி அதற்கு எந்தக் கட்டளையும் இட முடியாது. அதனால்தான் அதில் கேப்ஸ் லாக் விளக்கே கிடையாது. ஏடி முறை இருவழி. விளக்கை எரியவிடு, அணை என்று கணினி சொல்லலாம். ஏடி பலகை ஒவ்வொரு எண்ணையும் 11 பிட்டுகளாக அனுப்பும்: தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, பிழை அறிய பேரிட்டி பிட் ஒன்று, முடிவு பிட் ஒன்று. எக்ஸ்டியில் பேரிட்டியும் இல்லை, முடிவு பிட்டும் இல்லை.

ஆகவே வயரை மாற்றிக் கட்டுவதால் மட்டும் இந்த வேலை முடியாது. நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து 28ஐ வாங்கி 4ஆகத் தர வேண்டும். நாம் செய்யப்போகும் கன்வெர்ட்டரின் வேலை அதுதான்.

உங்கள் கையில் இருப்பது எது?

வாங்குவதற்கு முன்பே, முடிந்தால் கடையிலேயே, இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

• ஐந்து பின் டின், 83 விசை, இடப்பக்கம் இரண்டு வரிசையாகப் பத்து ஃபங்ஷன் விசைகள், விளக்கு இல்லை: எக்ஸ்டி.

• ஐந்து பின் டின், 84 விசை, ஃபங்ஷன் விசைகள் இடப்பக்கம், மூன்று விளக்குகள்: ஏடி.

• ஐந்து பின் டின், 101 அல்லது 102 விசை: பெரும்பாலும் ஏடி. மற்ற நிறுவனங்களின் பலகைகளில் அடிப்பக்கம் எக்ஸ்டி, ஏடி என்று குறித்த சிறிய சுவிட்ச் இருக்கலாம். இருந்தால் ஏடி பக்கம் தள்ளி வையுங்கள்.

• ஆறு பின் மினி-டின்: பிஎஸ்/2. நம் ஊர் பில்லிங் கவுன்ட்டர்களிலும் டிடிபி கடைகளிலும் சடசடக்கும் டிவிஎஸ் கோல்டு பலகைகளில் பழையவை இந்த வகை.

• 122 விசை, மேலே 24 ஃபங்ஷன் விசைகள்: ஐபிஎம் டெர்மினல் பலகை. சிலவற்றின் செருகி நெட்வொர்க் கேபிளின் செருகியைப் போலவே இருக்கும். அதை நெட்வொர்க் சுவிட்சில் செருகிவிடாதீர்கள்.

• நான்கு பின் மினி-டின்: ஆப்பிளின் ஏடிபி.

• எட்டு பின் மினி-டின்: சன் நிறுவனத்தின் பணிநிலையங்களுக்கானது.

• டெலிபோன் ரிசீவரின் செருகி போன்ற சிறிய நான்கு கம்பிச் செருகி: 1984இன் முதல் மேக்கின்டாஷ். இதற்கு டெலிபோன் ரிசீவர் வயரைப் பயன்படுத்தவே கூடாது. அதில் கம்பிகள் முனைக்கு முனை தலைகீழாக மாறியிருக்கும். மின்சாரம் தவறான பின்னில் ஏறிப் பலகை கெட்டுவிடும்.

மாடல் எம் பலகையைப் புரட்டினால் பின்பக்க லேபிளில் பாக எண்ணும் தயாரான தேதியும் இருக்கும். 1391401 என்ற எண் 101 விசை கொண்ட, மிகப் பரவலாக விற்ற மாடலுடையது. இதன் கேபிள் பலகையின் பின்புறத்தில் தனியாகக் கழன்று வரும். பழைய சாமான் கடைகளில் இந்தப் பலகை கேபிள் இல்லாமல் கிடைப்பது உண்டு. பலகை நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், மாற்றுக் கேபிள் கிடைக்கும்.

மூன்று வழிகள்

முதல் வழி, விலை குறைந்த சிறிய அடாப்டர். ஒரு பக்கம் பிஎஸ்/2 துளை, மறுபக்கம் யுஎஸ்பி செருகி, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதற்குள் சிப் கிடையாது, வயர்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்துவதோடு சரி. யுஎஸ்பி, பிஎஸ்/2 இரண்டும் தெரிந்த பலகைக்குத்தான் அது பயன்படும். மாடல் எம்முக்கு யுஎஸ்பி தெரியாது, ஆகவே இதை வாங்காதீர்கள்.

இரண்டாம் வழி, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் கேபிள். பெரும்பாலும் வயர் வடிவில், ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் விசைப்பலகைக்கும் மவுசுக்கும் இரண்டு துளைகளோடு வரும். டிவிஎஸ் கோல்டு போன்ற பிஎஸ்/2 பலகைக்கு இதுவே போதும். ஏடி பலகையானால் ஐந்து பின்னை ஆறு பின்னாக்கும் சாதாரண அடாப்டரை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், மொழி ஒன்றே என்பதால் அங்கே சிப் தேவையில்லை. சில மலிவான கன்வெர்ட்டர்கள் பழைய ஐபிஎம் பலகைகளோடு ஒத்துப்போவதில்லை, எழுத்து இரட்டிப்பாகும் அல்லது விழாது. எக்ஸ்டி பலகைக்கு இந்த வழி பயனில்லை.

மூன்றாம் வழி, நாமே செய்யும் கன்வெர்ட்டர். எக்ஸ்டி, ஏடி, பிஎஸ்/2, டெர்மினல் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு போதும், விசைகளை விருப்பப்படி மாற்றியும் அமைக்கலாம். இந்த அத்தியாயம் இனி இந்த வழியைத்தான் விளக்குகிறது.

வாங்க வேண்டியவை

புரோ மைக்ரோ என்ற போர்டைக் கேளுங்கள். அதில் ஏடிமெகா32யூ4 என்ற சிப் இருக்கும். யுஎஸ்பி பேசும் திறன் அந்தச் சிப்புக்குள்ளேயே இருப்பதால், கணினி அதை நிஜமான விசைப்பலகையாகவே ஏற்றுக்கொள்ளும். இரண்டு ரகம் விற்கிறார்கள்: 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் ஒன்று, 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் மற்றொன்று. பழைய பலகைகள் 5 வோல்ட்டில் இயங்குபவை என்பதால் முதல் ரகம்தான் வேண்டும். ராஸ்பெரி பை பிகோ கையில் இருக்கிறதே என்று அதை நேரடியாக இணைக்காதீர்கள். அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, நடுவில் லெவல் ஷிஃப்டர் இல்லாமல் 5 வோல்ட் ஏற்றக் கூடாது.

அடுத்து, பலகையின் செருகிக்கு ஏற்ற பெண் சாக்கெட், அதாவது ஐந்து பின் டின் அல்லது ஆறு பின் மினி-டின். ஐந்து பின் டின்னில் பின்கள் 180 பாகையில் அரைவட்டமாக அமைந்த ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், 240 பாகை ரகமும் கடையில் இருக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளிலும் ஆன்லைன் கடைகளிலும் இவை கிடைக்கும். நான்கு நிறங்களில் மெல்லிய வயர், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, எல்லாவற்றையும் அடக்க ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா. அவ்வளவுதான் பட்டியல்.

வயர் இணைப்பு

நான்கு கம்பிகள்தான்: கிரவுண்ட், 5 வோல்ட், கிளாக், டேட்டா. எந்த பின்னில் எது என்பது இதோ.

ஐந்து பின் டின்: 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்ட், 5 மின்சாரம். மூன்றாவது பின் சில எக்ஸ்டி பலகைகளுக்கு ரீசெட், மற்றவற்றில் வெற்று.

ஆறு பின் மினி-டின்: 1 டேட்டா, 3 கிரவுண்ட், 4 மின்சாரம், 5 கிளாக். மற்ற இரண்டும் வெற்று.

ஐந்து பின் டின்னில் எண்கள் வரிசையாக இருக்காது. அரைவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1, 4, 2, 5, 3 என்று போகும். செருகியை முன்னாலிருந்து பார்ப்பதற்கும் சாக்கெட்டை முன்னாலிருந்து பார்ப்பதற்கும் இடவலம் மாறும். சால்டர் செய்யும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபடி மாறும். பல சாக்கெட்டுகளில் பின்னுக்குப் பக்கத்திலேயே எண்ணைப் பொடியாக அச்சிட்டிருப்பார்கள். டார்ச் அடித்து, அந்த எண்ணைப் பார்த்து வேலை செய்யுங்கள்.

1. சாக்கெட்டின் கிரவுண்டை போர்டின் கிரவுண்ட் பின்னோடும், மின்சாரத்தை போர்டின் 5 வோல்ட் வெளியீட்டோடும் சால்டர் செய்யுங்கள்.

2. கிளாக்கை போர்டின் 2ஆம் பின்னிலும் டேட்டாவை 3ஆம் பின்னிலும் இணையுங்கள். ஃபர்ம்வேர் எனப்படும், போர்டில் பின்னர் ஏற்றும் நிரல்களில் டிஎம்கே என்பதன் வழக்கமான அமைப்பு இது. நீங்கள் ஏற்றப்போகும் ஃபர்ம்வேரின் குறிப்பில் பின் எண்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3. கிளாக்கிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒன்று, டேட்டாவிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒன்று என 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போடுங்கள். இந்த இரண்டு கம்பிகளையும் கீழே இழுக்க மட்டுமே பலகையால் முடியும், மேலே தூக்கி நிறுத்துவது இந்த புல்-அப் ரெசிஸ்டர்களின் வேலை. சிப்புக்குள் இருக்கும் புல்-அப் வலுவற்றது, கேபிள் நீளமானால் போதாமல் போகும்.

4. பலகையைச் செருகாமல் போர்டை மட்டும் யுஎஸ்பியில் செருகுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை சாக்கெட்டின் கிரவுண்டிலும் சிவப்பு முனையை மின்சாரப் பின்னிலும் வையுங்கள். ஏறத்தாழ 5 காட்ட வேண்டும். மைனஸ் 5 காட்டினால் வயர் தலைகீழாக இருக்கிறது. ஒன்றும் காட்டாவிட்டால் சால்டர் பிடிக்கவில்லை.

5. யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, பலகையின் செருகியில் கிரவுண்டுக்கும் மின்சாரத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள். விடாமல் பீப் அடித்தால் பலகைக்குள் ஷார்ட் இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் இணைக்கக் கூடாது.

கிளாக்கும் டேட்டாவும் இடம் மாறினால் வேலை செய்யாது, அதற்கு மேல் ஆபத்தில்லை. கிரவுண்டும் 5 வோல்ட்டும் மாறினால் நாற்பது ஆண்டுப் பழைய சிப் ஒன்று போய்விடும், அதற்கு மாற்று கிடைப்பதும் அரிது. நான்காவது படியை யாருக்காகவும் எதற்காகவும் தாண்டாதீர்கள்.

ஃபர்ம்வேர்

ஐபிஎம் வகைப் பலகைகளுக்கு இரண்டு இலவச ஃபர்ம்வேர்கள் நன்கு புழங்கியவை. ஒன்று சோரர்ஸ் கன்வெர்ட்டர். செருகியிருப்பது எக்ஸ்டியா, ஏடியா, டெர்மினலா என்பதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அதன் மூலநிரல் வெளியிடப்படவில்லை. மற்றொன்று டிஎம்கே. மூலநிரல் திறந்தது, ஐபிஎம் குடும்பப் பலகைகளை அதுவும் தானாக அடையாளம் காணும், ஏடிபி, சன் பலகைகளுக்கும் தனித்தனிக் கன்வெர்ட்டர்கள் அதில் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் டிஎம்கேயைச் சொல்வேன். நாளை ஒரு கோளாறு வந்தால் நிரலைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் வழி இருக்கிறது.

ஏற்றுவது எளிது. உங்கள் சிப்புக்கான ஹெக்ஸ் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கியூஎம்கே டூல்பாக்ஸ் என்ற நிரலில் அதைத் திறந்து வையுங்கள். போர்டின் ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு வயர்த்துண்டால் விரைவாக இரண்டு முறை தொடுங்கள். போர்டு சுமார் எட்டு விநாடிகள் புதிய நிரலுக்காகக் காத்திருக்கும். அதற்குள் ஏற்றும் பட்டனை அழுத்த வேண்டும். தவறிவிட்டால் மறுபடி தொடுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

முதல் சோதனை

இப்போது பலகையை சாக்கெட்டில் செருகி, பிறகு யுஎஸ்பியைக் கணினியில் செருகுங்கள். ஏடி, பிஎஸ்/2 பலகையானால் மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னி அணையும். மின்சாரம் சேர்ந்தது, பலகையின் சிப் தன்னைத் தானே சோதித்துத் தேறிவிட்டது என்று பொருள். அதே கணத்தில் 170 என்ற எண்ணையும் அது அனுப்பியிருக்கும்.

ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு விசையாக அழுத்திப் பாருங்கள். வலப்பக்க ஆல்ட், கண்ட்ரோல், அம்புக்குறிகள், எண் பகுதியின் என்டர் ஆகியவற்றைத் தனியாகச் சோதியுங்கள். இவை இரண்டு எண்களாக வருபவை, பிழை இருந்தால் இங்கே வெளிப்படும். பாஸ் விசையையும் விடாதீர்கள். ஏடி மொழியில் அந்த ஒரு விசை எட்டு பைட்டுகளை ஒரே மூச்சில் அனுப்பும், விரலை எடுக்கும்போது எதுவும் அனுப்பாது. அதைச் சரியாகக் கையாளும் கன்வெர்ட்டர் மற்றதையெல்லாம் சரியாகக் கையாளும்.

தமிழும் விண்டோஸ் விசையும்

கன்வெர்ட்டர் அனுப்புவது விசையின் எண்ணை மட்டுமே. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைக் கணினிதான் தீர்மானிக்கிறது. நீங்கள் தமிழ்99 அமைப்பைத் தேர்ந்திருந்தால், மாடல் எம்மின் 'ஏ' விசை அனுப்பும் 28, கன்வெர்ட்டரில் 4ஆகி, திரையில் 'அ' என்று விழும். இடக்கைப் பக்கம் உயிரெழுத்து, வலக்கைப் பக்கம் மெய் என்ற தமிழ்99 ஒழுங்கு அப்படியே வேலை செய்யும். பழைய தட்டச்சு அமைப்பில் பழகியவர்களுக்கும் இதே கதைதான். பலகையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒரே ஒரு குறை, அந்தக் காலத்துப் பலகைகளில் விண்டோஸ் விசை இல்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்திப் பழகியவர்களுக்கு இது இடிக்கும். தீர்வு ஃபர்ம்வேரில் இருக்கிறது. அதிகம் பயன்படாத கேப்ஸ் லாக் விசைக்கு விண்டோஸ் விசையின் வேலையைக் கொடுத்துவிடுங்கள். டிஎம்கேயில் இதற்கான வரைபடத்தை உலாவியிலேயே திருத்தி, புதிய ஹெக்ஸ் கோப்பாக இறக்கி ஏற்றலாம். மாற்றம் போர்டுக்குள் இருப்பதால், எந்தக் கணினியில் செருகினாலும் கூடவே வரும்.

ஆப்பிள், சன், கமடோர்

ஆப்பிள் ஏடிபி 1986 முதல் 1990களின் கடைசிவரை புழங்கியது. ஒரே ஒரு டேட்டா கம்பிதான், தனிக் கிளாக் இல்லை. பின்கள்: 1 டேட்டா, 2 கணினியை இயக்கும் பொத்தான், 3 மின்சாரம், 4 கிரவுண்ட். டேட்டாவுக்கு 1 கிலோ ஓம் புல்-அப் போடுங்கள். எஸ்-வீடியோ கேபிளும் இதே நான்கு பின் வடிவம் என்பதால் தொலைந்த ஏடிபி கேபிளுக்கு அது மாற்றாகும். கணினி ஓடும்போது ஏடிபி செருகியைப் பிடுங்குவது ஆபத்து. கன்வெர்ட்டரிலும் முதலில் யுஎஸ்பியைக் கழற்றிவிட்டே பலகையைத் தொடுங்கள்.

சன் பலகைகள் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் சீரியல் முறையில் பேசும், ஆனால் சமிக்ஞை தலைகீழ். டிஎம்கேயின் சன் கன்வெர்ட்டர் இதைப் பார்த்துக்கொள்ளும். கமடோர் 64இன் பலகையில் சிப்பே இல்லை, வெறும் கம்பி வலைதான். விசை அழுந்தியதைக் கண்டுபிடிப்பது கணினியின் வேலையாக இருந்தது. அதை யுஎஸ்பிக்குக் கொண்டுவர அந்த வலையை வருடும் வேறு வகை நிரல் வேண்டும். ஆறாம் அத்தியாயத்தில் பார்ப்போம்.

கோளாறும் தீர்வும்

*விளக்கு மின்னுகிறது, எழுத்து வரவில்லை:* கிளாக், டேட்டா வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்.

*சில நேரம் வருகிறது, சில நேரம் நின்றுவிடுகிறது:* பழைய பலகைகள் இன்றையவற்றைவிட அதிக மின்சாரம் இழுக்கும். யுஎஸ்பி ஹப்பை விலக்கிக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

*மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று விழவில்லை:* மாடல் எம்மில் இது பழுதல்ல. சில மூன்று விசைச் சேர்க்கைகளைப் பிரித்தறிய அதன் உள்சுற்றால் முடியாது, கன்வெர்ட்டராலும் தீர்க்க இயலாது. அதற்கு முந்தைய மாடல் எஃப் பலகைகளில் இந்தத் தடை இல்லை.

*ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லை:* கோளாறு பலகைக்குள் இருக்கிறது. கன்வெர்ட்டரை நோண்டாதீர்கள். திறந்து சுத்தம் செய்வது அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. மாடல் எம்மைத் திறக்க ஒல்லியான 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் வேண்டும், இப்போதே வாங்கி வையுங்கள்.

*யுஎஸ்பி துளை ஆடுகிறது:* புரோ மைக்ரோவின் மைக்ரோ-யுஎஸ்பி துளை எளிதில் பெயர்ந்து வரும். டப்பாவில் அடைக்கும் முன் அதைச் சுற்றி எபாக்சி பசை வையுங்கள், துளைக்குள் போகாமல்.

முடிக்கும் முன்

டப்பாவை மூடியதும் அதன் மேல் மூன்று விஷயங்களை எழுதி ஒட்டுங்கள்: எந்த வகைப் பலகைக்கானது, எந்த பின்னில் எந்த வயர், எந்த ஃபர்ம்வேர். ஏற்றிய ஹெக்ஸ் கோப்பையும் விசை வரைபடத்தையும் ஒரு நகல் எடுத்துச் சேமியுங்கள். ஐந்து வருடம் கழித்து போர்டு பழுதானால், வேறொரு போர்டை வைத்து அரைமணி நேரத்தில் இதையே மறுபடி செய்துவிடலாம். பலகையிலோ அதன் கேபிளிலோ நாம் கை வைக்கவில்லை. அதனால் நாளைக்கு உங்களிடமோ இன்னொருவரிடமோ பலகைக்கேற்ற பழைய கணினி ஒன்று ஓடும் நிலையில் வந்து சேர்ந்தாலும், இந்தப் பலகை அதிலும் முன்போலவே வேலை செய்யும்.